மேல்நோக்கி ஒழுகிய எஞ்சின்

வெள்ளப் பம்பு நிலையத்து டீசல் எஞ்சினில் ஒழுகிய டீசல், கீழே சொட்டாமல் மேலே சொட்ட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு. முதல் துளி பில்டருக்குப் பக்கத்து நட்டிலிருந்து கிளம்பி, நேராக எழும்பி, தகரக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு தட்டை எடுத்து எஞ்சினுக்கு அடியில் வைத்தார். சாயங்காலம் வரை தட்டு காய்ந்தே கிடந்தது. ஒரு மாதத்தில் கூரையில் வாழையிலை அகலத்துக்கு ஒரு படலம் சேர்ந்தது. மூன்றாம் வருஷம் அது சுவருக்குச் சுவர், நாலு விரல் ஆழத்துக்கு, தலைகீழான ஒரு குளமாக நின்றது. காற்றில்லாத நாளில் அண்ணாந்து பார்த்தால் எஞ்சினும் டிரைவரின் வழுக்கையும் அதில் துல்லியமாகத் தெரியும். முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பாதிப் பேர் வந்தார்கள். அதன்பிறகு வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். கழுத்துப் பிடிப்பென்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை, "பம்பு ரூமுக்குப் போனீங்களா?" என்று கேட்டே நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். கூட்டிப் பெருக்க வரும் பெண்மணிதான் இதில் லாபம் கண்டவள். "எங்க ஒழுகினா என்ன, என் தரை பளிச்சுன்னு இருக்கே" என்றாள்.

ஊர் ஆற்றைவிட ஐந்தடி தாழ்ந்தது. யார் எந்தப் புத்தியில் அங்கே முதல் வீட்டைக் கட்டினார் என்பது தெரியவில்லை. நடுவில் ஒரு கரை இருந்தது. கரைக்கு இந்தப் பக்கம் தேங்கும் மழைத் தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கம் தூக்கி ஊற்றுவது எஞ்சினின் வேலை. ஆறு சிலிண்டர், ஆள் உயரம், பச்சை வண்ணம். எஞ்சின் டிரைவர் இருபத்தாறு வருஷமாக அதனோடு இருந்தார். ஊரில் அவருக்குக் கால்சுத்து என்று பெயர். எந்த நட்டை முறுக்கினாலும், முறுக்கி முடித்தபிறகு, "இன்னும் ஒரு கால் சுத்து" என்று சொல்லி ஸ்பேனரை மேலும் அரைக்கால் வட்டமாவது தள்ளாமல் விடமாட்டார். ஒழுகினால் இறுக்கு, ஒழுகாவிட்டாலும் இறுக்கு என்பது அவருடைய மதம். வீட்டிலும் அப்படித்தான். குழாயை அவர் மூடினால் திறக்க இரண்டு கை வேண்டும். சர்க்கரை டப்பாவை அவர் மூடிவிட்டால் அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள், நாத்தனாரிடம் கொடுத்துத் திறக்க.

நாத்தனார் என்றால் கால்சுத்தின் ஒரே தங்கை. ஸ்டவ் ரிப்பேர் செய்பவள். காற்றடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் எந்த வீட்டில் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். அடைப்பெடுக்கும் மெல்லிய பின்னைக் கொண்டையில் செருகி வைத்திருப்பாள் என்பதால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பின்னக்கா. கல்யாணம் செய்துகொண்டு போன இடம் சரிப்படாமல் இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியோடும் ஒரு ஸ்டவ்வோடும் திரும்பி வந்தவள். பெட்டியை அப்படியே மூலையில் வைத்தாள். ஸ்டவ்வைப் பிரித்துப் பார்த்து, பிழைப்பைக் கற்றுக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் வாழ்ந்தார்கள், பதினோரு வருஷமாகப் பேசாமல். காரணம் சின்னது. கால்சுத்து ஒருநாள் தன் வீட்டு ஸ்டவ்வின் மூடியை மரை தேய்ந்துபோகும்வரை இறுக்கிவிட்டார். அதைச் சரிசெய்ய வந்த தங்கை, அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, "அண்ணன் கைக்கு இறுக்கத்தான் தெரியும், எங்க நிறுத்தணும்னு தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு வீட்டுச் சேதியும் அவர் மனைவி வாய் வழியாகத்தான் போய்வந்தது. "உங்க அண்ணன் ஏணி கேக்குறார்" என்று அவள் சொல்லும்போது, கேட்டவரின் குரலும் சுவர் வழியே கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை பின்னக்கா காத்திருப்பாள். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மேல்நோக்கிய ஒழுக்கைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று எஞ்சினியர்கள், வருஷத்துக்கு ஒருவராக வந்தார்கள். முதலாமவர் துளி கூரைக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, நாற்பது பக்கத்துக்கு எழுதி, இப்படி ஒரு பழுது கையேட்டில் இல்லாததால் இது பழுது ஆகாது என்று முடித்தார். இரண்டாமவர் பிசின் கொண்டுவந்து எல்லா இணைப்பிலும் பூசினார். துளி பிசினைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. மூன்றாமவர் கூரையையே பார்த்துக்கொண்டு நடந்ததில் படியில் தடுக்கி விழுந்து, காலில் கட்டோடு ஊர் திரும்பினார். கால்சுத்து ஒவ்வொருவர் போனபிறகும் எல்லா நட்டையும் இன்னொரு முறை இறுக்கினார்.

அந்த மூன்றாம் வருஷம்தான் பெருமழை வந்தது. பத்து நாள் விடாமல் பெய்தபிறகு ஊர்க்காரர்கள் நாளை எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆறு கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எஞ்சின் இரவு பகலாக ஓடவேண்டிய நேரத்தில், பதினோராம் நாள் காலை, நின்றது. டக்கென்று நிற்கவில்லை. ஓட்டம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பெருமூச்சு விட்டு நின்றது. கால்சுத்து கைப்பம்பை அடித்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி ஓட்டினார். நாற்பது நிமிஷம் ஓடியது. அடுத்த முறை முப்பது. பிறகு பன்னிரண்டு. அதற்குள் கடைத்தெருவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தின் மாடியில் நாற்பது குடும்பம் ஏறியது. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு மாற்றினார்கள். நடுவழியில், படிக்கட்டில் வைத்தே, ஒரு பெண் குழந்தை பிறந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அந்த ஊரில் எல்லோரும் ஒவ்வொரு சாணையும் சுவரில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பு நிலையத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கூரைக் குளத்தைக் காட்டி, இவ்வளவு டீசல் மேலே போய்விட்டால் எஞ்சின் எதைக் குடித்து ஓடும் என்று திட்டினார்கள். கால்சுத்து மூன்று நாள் தூங்காத கண்ணோடு நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். பதினாலாம் நாள் காலை சாப்பாடு கொண்டுபோன அவர் மனைவி, அவர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நேராக நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

பின்னக்கா தன் கட்டில்மேல் ஸ்டவ்களை அடுக்கிவைத்து, அவற்றுக்கு நடுவே கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் அனுப்பினாரா அண்ணி?"

"இல்ல. நானா வந்தேன்."

"அப்ப வரமாட்டேன்."

"அனுப்பினார்னு சொன்னா வருவியா?"

"சொல்லுங்க பாக்கலாம். பொய்னு எனக்குத் தெரியும். அவர் வாயில அது வராது."

அண்ணி கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினாள். தண்ணீர் கட்டில் சட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. "இதை யாருடி அனுப்பினா? உங்கண்ணன்தானே அனுப்பியிருக்கார். எஞ்சின் நின்னதாலதானே வந்திருக்கு. போதுமா?"

பின்னக்கா எழுந்தாள். ஒரு ஸ்டவ், இன்னொன்றிலிருந்து கழற்றிய காற்றுப் பம்பு ஒன்று, ஒரு சோப்புக் கட்டி, இவற்றை ஒரு பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

கரையோரம் மேட்டில் இருந்ததால் தண்ணீர் இன்னும் ஏறாத பம்பு நிலையத்தில் காலை பத்து மணிக்கு அறுபது பேராவது இருந்தார்கள். கால்சுத்து தங்கையைப் பார்த்ததும் மனைவியிடம், "ஸ்டவ்வுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்னு கேளு" என்றார். மனைவி கேட்க வாயெடுப்பதற்குள் பின்னக்கா, "ரெண்டும் எண்ணெய் குடிக்குது, ரெண்டும் காத்துக்குப் பயப்படுதுன்னு சொல்லுங்க அண்ணி" என்றாள். அந்த அறைக்குள் மூன்று வருஷத்தில் நுழைந்தவர்களில் கூரையை அண்ணாந்து பார்க்காத முதல் ஆள் அவள்தான். நேராக மூலையில் இருந்த டீசல் டேங்கைப் பார்த்தாள். டேங்க் தரையோடு தரையாக இருந்தது. எஞ்சின்தான் அதிலிருந்து உறிஞ்சிக் குடிக்கவேண்டும்.

"நிக்கும்போது எப்படி நிக்குதுன்னு கேளுங்க. பட்டுனு நிக்குதா, திணறித் திணறியா?"

"திணறித்தான்" என்றார் கால்சுத்து. "ஏறும், இறங்கும். ஏர் எடுத்துவிட்டா கொஞ்ச நேரம் ஓடும்."

பதினோரு வருஷத்தில் அவர் தங்கையிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னது அவருக்கே தெரியவில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்தது. அவள் பக்கத்திலிருந்த காலி டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இது மேல ஒழுகுறதால நிக்கல அண்ணா" என்றாள் பின்னக்கா. "எங்கயோ காத்து வாங்குது. வெளிய வர்ற ஓட்டையை எல்லாரும் மூணு வருஷமா அண்ணாந்து அண்ணாந்து பாக்குறீங்க. உள்ள வாங்குற ஓட்டை சொட்டாது, நனையாது, ஒண்ணும் காட்டிக்காது. நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது எண்ணெய்க்குப் பதிலா காத்தை ஊட்டி விட்டுடும்."

கூட்டத்தில் யாரோ, அப்படியென்றால் சொட்டாத ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். பின்னக்கா டேங்கின் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் நடுவே ஸ்டவ் பம்பைச் செருகி இறுக்கமாகக் கட்டினாள். "அண்ணி, ஸ்டவ்வுக்கு அடிக்கிற மாதிரி மெல்ல அடிங்க. வேகம் வேணாம்." உறிஞ்சும் குழாயை உள்ளிருந்து ஊதினால், காற்று நுழையும் வழியே எண்ணெய் வெளியே வந்தாகவேண்டும். கால்சுத்து, அவள் கேட்காமலே, தன் சவரப் பிரஷை எடுத்துக் கொடுத்தார். அவள் சோப்பைக் குழைத்து, டேங்கிலிருந்து பில்டர் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் நுரை பூசிக்கொண்டே தவழ்ந்தாள். முதல் இணைப்பில் நுரை அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது, சுவரோரம் யார் கண்ணுக்கும் படாமல் இருந்த ஒரு ரப்பர் ஹோஸ். அதன் கிளிப்பின் அடியில் நுரை மெல்ல ஒரு கோலிக்குண்டாக உப்பியது, வெடித்தது, பின்னாலேயே ஒரு துளி டீசல் எட்டிப் பார்த்தது. எல்லோரும் கூரையைப் பார்க்கத் தயாரானார்கள். அந்தத் துளி கீழே விழுந்தது.

ஆயிரக்கணக்கான துளிகள் மேலே போவதைப் பார்த்துக் கொட்டாவி விட்ட ஊர், ஒரு துளி கீழே விழுந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைப் பிடித்து எம்பினார்கள். "கீழ விழுதுப்பா!" என்று ஒருவர் வெளியே நின்றவர்களுக்குக் கத்திச் சொன்னார். "நிஜமாவா?" என்று அங்கிருந்து கேட்டது.

பின்னக்கா கிளிப்பைத் தளர்த்தினாள். உலோகப் பட்டை ரப்பரைக் கத்திபோல அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டை வெட்டை மறைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். இறுக்க இறுக்க வெட்டு ஆழமாகியிருக்கிறது. அதைப் பார்த்த யாருக்கும் அது யார் கை என்று சொல்லத் தேவையில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்னதை இப்போது மறுபடி சொல்லியிருக்கலாம், ஊரே சாட்சிக்கு நின்றது. அவள் ஹோஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரப்பர் பழசாயிடுச்சு" என்றாள்.

கால்சுத்து குனிந்து அதை வாங்கிப் பார்த்தார். "ரப்பர் நல்ல ரப்பர்தான்" என்றார். "நான்தான் இறுக்கினேன். நீ அன்னிக்குச் சொன்னது சரி." பிறகு ஸ்டோருக்குப் போய்ப் புது ஹோஸ் எடுத்துவந்து, அளந்து வெட்டி, மாட்டி, கிளிப்பை முறுக்கினார். ஸ்க்ரூ டிரைவர் ஒரு இடத்தில் வந்து நின்றது. அறுபது பேரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் தங்கையைப் பார்த்தார்.

"போதும்ணா."

அவர் கையை எடுத்துவிட்டார். அந்தக் கால் சுத்து சுற்றப்படாமலே நின்றது.

மேலே ஒழுகும் இணைப்புகளையும் விட்டுவைக்கக் கூடாது என்றாள் பின்னக்கா. அவற்றில் இருந்த செப்பு வாஷர்கள் வருஷக்கணக்கில் நசுங்கி நசுங்கிக் கல்லாகியிருந்தன. புதியது இல்லை. கடைத்தெரு தண்ணீருக்கடியில் இருந்தது. பழையதையே நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகிவிடும் என்பது ஸ்டவ்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். வெளியே மழை, உள்ளேதான் ஸ்டவ் பற்றவைக்கவேண்டும், ஆனால் தலைக்குமேல் ஒரு குளம் டீசல் நிற்கிறது. எனவே நாலு பேர் ஏணி வைத்து ஏறி, கூரையின் நடுவிலிருந்து இரண்டு தகரத்தைக் கழற்றினார்கள். குளம் ஓசையில்லாமல் அந்த ஓட்டை வழியே மேலே புறப்பட்டது. மழை கீழே இறங்கியது, டீசல் மேலே ஏறியது, ஒன்றின்மேல் ஒன்று மோதாமல் இரண்டும் வழிவிட்டுக்கொண்டன. கால்மணி நேரத்தில் அது முழுவதும் எழும்பி, ஒரு போர்வை அகலத்துக்கு ஏழு நிறத்தில் மினுங்கி, மேகத்துக்குள் போய் மறைந்தது. எங்கே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. தகரத்தை மாட்டிவிட்டு இறங்கினார்கள்.

வாஷர்கள் சிவந்தன, தண்ணீரில் சீறின, கையால் வளைக்கும்படி இளகின. ஒவ்வொன்றாக மாட்டினார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் ஆறு இரும்புக் குழாய்களையும் முழுக்கத் தளர்த்தி, நெளியாமல் நேராக உட்காரவைத்து, முதலில் விரலால், பிறகுதான் ஸ்பேனரால் முறுக்கினார்கள். அங்கே கசிகிறதா என்று பார்க்க ஒருவர் கையை நீட்டியபோது கால்சுத்து தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கிவிடும். ஒரு அட்டைத் துண்டைத்தான் காட்டவேண்டும். கடைசியாக, மனைவி கைப்பம்பை அடிக்க, அவர் ஏர் ஸ்க்ரூவைத் திறந்தார். முதலில் நுரை வந்தது. பிறகு குமிழி வந்தது. பிறகு குமிழியே இல்லாத டீசல், தேன்போல, கீழ்நோக்கி வழிந்தது. ஸ்க்ரூவை மூடினார்.

"நீ ஸ்டார்ட் பண்ணு" என்றார் தங்கையிடம்.

"எனக்கு ஸ்டவ்தான் பத்தவைக்கத் தெரியும்."

"எனக்கு இறுக்கத்தான் தெரியும். வா."

இருவரும் சேர்ந்து நெம்புகோலை இழுத்தார்கள். பகல் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு எஞ்சின் ஓடத் தொடங்கியது. அப்படியொரு சத்தத்தை இருபத்தாறு வருஷத்தில் கேட்டதில்லை என்றார் கால்சுத்து. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே சுருதி. அட்டைத் துண்டு காய்ந்தே இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் கூட்டம் மூச்சைப் பிடித்தது. முப்பது ஆனதும் விட்டது. நாற்பதாம் நிமிஷம் ஆஸ்பத்திரி மாடியிலிருந்து, "படி தெரியுது!" என்று ஒரு குரல் வந்தது. அதற்கப்புறம் அந்த ஊரில் எழுந்த சத்தத்தில் எஞ்சின் சத்தமே கொஞ்சநேரம் கேட்கவில்லை. பள்ளிக்கூட மாடியில் வாளிகளைத் தட்டினார்கள். நர்ஸ் கையில் மருந்துக் குப்பியோடு ஆடினாள். கால்சுத்தின் மனைவி இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "இனிமே உங்க சேதியை நீங்களே சொல்லிக்குங்க, எனக்குத் தொண்டை வத்திப்போச்சு" என்று சிரித்தாள், அழுதாள்.

சாயங்காலத்துக்குள் தெருக்கள் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டன. மழை இன்னும் ஆறு நாள் பெய்தது, எஞ்சின் அதைச் சட்டை செய்யவில்லை. மழை நின்றபிறகும் யாருக்கும் அதை நிறுத்த மனம் வரவில்லை. காற்றும் வாங்காமல், எண்ணெயும் சிந்தாமல், குடித்த ஒவ்வொரு துளியையும் பலமாக்கிக்கொண்டு அது இழுத்தது. தேங்கிய தண்ணீர் முடிந்ததும் சுவர்களின் ஓதத்தை இழுத்தது. மெத்தைகள் காய்ந்தன. உப்பு ஜாடியில் கட்டி உதிர்ந்தது. நெஞ்சுச்சளியோடு இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். படிக்கட்டில் பிறந்த குழந்தைக்கு இரண்டு நாள் அழுகையில் கண்ணீர் வராமல் சத்தம் மட்டும் வந்தது. மழை நின்ற ஐந்தாம் நாள், தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் ஊறிக்கிடந்த ஈரமும் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்ததும், சுமை இறங்கிய ஊர் எழ ஆரம்பித்தது. வீடு, மரம், ஆஸ்பத்திரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தபடியே, ஒரு கோப்பை தேநீர்கூடத் தளும்பாமல், மெல்ல உயர்ந்தது. ஒன்பதாம் நாள் கரைமேல் நின்று கீழே குனிந்து ஆற்றைப் பார்த்த கால்சுத்து, போதும் என்று தானாகவே சொல்லி எஞ்சினை நிறுத்தினார்.

அடுத்த மாதம் நில அளவை அதிகாரி வந்தார். மூன்று இடத்தில் கருவியை நிறுத்தி அளந்தார். பழைய வரைபடத்தை எடுத்து, ஆற்றைவிட ஐந்தடி தாழ்வு என்று இருந்ததை அடித்துவிட்டு, மூன்றரை அடி உயர்வு என்று எழுதினார். பம்பு நிலையத்தின் பெயரை என்ன போடுவது என்று கேட்டார். குழாயைத் திருப்பி வைத்தாயிற்று, இப்போது ஆற்றிலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிறோம், குடிநீர் நிலையம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார் கால்சுத்து. அதிகாரி போட்டுக்கொண்டார். கை கழுவ ஆற்றுக்கு இறங்கப் போனவர் கரையில் நின்று, படி எத்தனை என்று திரும்பிக் கேட்டார்.

"அஞ்சு" என்றாள் பின்னக்கா. "கடைசிப் படி வழுக்கும், பாத்து இறங்குங்க."

அவர் பார்த்து இறங்கினார்.